சாவி வருவதற்குள்

தடால்!

அதைத் தொடர்ந்து அலுமினிய வாளி சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடிச் சுவரில் மோதி நிற்கிற ஓசை.

பிரிஜித் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். என்ன சத்தம் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருஷமாக அந்த வீட்டைச் சுற்றி எது விழுந்தாலும், தென்னை மட்டை விழுந்தால்கூட, அவள் கால்கள் முதலில் ஓடும், மனசு பின்னால் வந்து சேரும்.

அவள் புருஷன் நார்பர்ட் குழாயடியில் ஒருக்களித்துக் கிடந்தான். முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. உதட்டில் நீலம். கையும் காலும் அசையவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஷிஜா, சாவி எடு!" என்று மகளுக்குக் குரல் கொடுத்தாள் பிரிஜித்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு ஆணி. அதில் பழைய பூட்டின் இரும்புச் சாவி தொங்கும். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு இறங்கும் என்பது கேரள எல்லையோரப் பொழியூர்க் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஷிஜா ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அப்பா கண்ணைத் திறந்து அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தான். வெளுத்த முகத்தில் இப்போது ரத்தம் குப்பென்று ஏறிச் சிவந்திருந்தது.

"என்னை எதுக்குட்டி ஈரத்துல கெடத்தியிருக்க? சாயா ஆறிப் போவும்லா."

ஷிஜா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வழக்கம் போலவே.

நெற்றியில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. துண்டால் அழுத்திப் பிடித்தபடி பிரிஜித் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. மருந்தைக் கூட்டிய பிறகு மூன்றாவது தடவை.

நார்பர்ட்டும் மெல்பினும் பங்காக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். எஞ்சின் நார்பர்ட்டின் பொறுப்பு. முதல் தடவை அவன் விழுந்தது நடுக்கடலில், நங்கூரத்தை இழுக்கும்போது. மெல்பின்தான் கரைக்குக் கொண்டுவந்தான். வலிப்பு என்று பெயர் விழுந்ததோடு கடல் முடிந்துபோனது. வலிப்புக்காரனை அலைக்கு அப்பால் கூட்டிப்போக யாருக்குத் துணிச்சல் வரும்? மாத்திரை வந்தது. அது கூடியது. கூடக் கூட வலிப்பு நிற்கவில்லை, ஆள்தான் கரைந்துகொண்டே போனான். எஞ்சின் சத்தத்தை மீறி அடுத்த படகுக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தவன், இப்போது பட்டப்பகலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தரையில் நடக்கும்போது படகில் நடப்பது போலத் தள்ளாடினான். பாதிப் பேச்சில், எதைச் சொல்ல வந்தோம் என்று மனைவியிடமே கேட்டான்.

செய்தி கேட்டு பிரிஜித்தின் அண்ணன் ராபின்சன் வந்துவிட்டான். வெளுத்த சட்டை, பையில் பேனா. அந்தக் கரையில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவன் ராபின்சன்தான். காரணம், அவனுடைய மலையாளம். வீட்டில் தமிழும் சந்தையில் இரண்டும் கலந்தும் பேசுகிற ஜனங்களுக்கு, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசுவது மலையாளமாகவும் இல்லை, தமிழாகவும் இல்லை என்று டாக்டர் சிரித்துவிடுவாரோ என்று பயம். ராபின்சனோ செய்தி வாசிப்பது போலப் பேசுவான். இன்னொரு தந்திரமும் அவனிடம் இருந்தது. எதையும் ஒரு சுற்று பெரிதாக்கித்தான் சொல்வான். இரண்டு நாள் காய்ச்சலை ஐந்து நாள் என்பான். சின்னதாகச் சொன்னால் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பெரிதாகச் சொன்னால்தான் கட்டில் கிடைக்கும் என்பது அவன் அனுபவம். அப்படிப் பல பேருக்குக் கட்டில் கிடைத்துமிருக்கிறது.

"பழைய டாக்டர்ட்டயே போவோம். இன்னும் ஒண்ணு கூட்டித் தருவாரு" என்றான் ராபின்சன்.

வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள் பிரிஜித். ராபின்சன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். அந்த டாக்டர் இந்தக் கரைக்கு எவ்வளவு செய்திருக்கிறார், அவரை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போனால் நாளைக்கு வேறொரு நோயாளியோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நிற்பது என்று பொரிந்து தள்ளினான்.

கட்டிலில் கிடந்த நார்பர்ட் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"மச்சான், உங்க மொகம் வாடாம இருக்கவா நான் மருந்து திங்கேன்?"

ராபின்சன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

மறுநாள் பாறசாலைக்குப் போய்ப் பழைய டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ராபின்சன் மழையைப் பற்றியும் ரயில்வே கேட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தானே ஒழிய, வந்த விஷயத்தைத் தொடவில்லை. கடைசியில் பிரிஜித்தே தரையைப் பார்த்துக்கொண்டு, வேறு டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டாள். வயதான அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. இந்த மருந்துக்கு வலிப்பு இதற்குள் அடங்கியிருக்க வேண்டும், எனக்கும் அதே யோசனைதான் என்றார். நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள் அஜிதா என்று ஒரு நரம்பு டாக்டர் வருகிறார், நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று அவர்கள் முன்னாலேயே ஃபோனை எடுத்தார்.

வெளியே வந்ததும் ராபின்சன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் முகத்துக்காகத்தான் டாக்டர் ஃபோன் செய்தார் என்றான். வேறு டாக்டர் கிடைத்தால் போதும் பிரிஜித்துக்கு.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நரம்பு டாக்டர் இரண்டாவது மாடியில். நார்பர்ட் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடே ஏறிவிட்டான். ராபின்சன்தான் பின்தங்கினான். முதல் திருப்பத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்து நின்றான். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர்.

"மச்சானுக்கு ஆஸ்பத்திரியிலதான் சொந்தக்காரங்க கூடுதல்" என்றான் நார்பர்ட்.

பிரிஜித் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது திருப்பத்தில் பேச்சுக்கு ஆள் யாரும் இல்லை. ஆனாலும் ராபின்சன் நின்றிருந்தான். சுவரில் ஒட்டியிருந்த குழந்தைகள் தடுப்பூசி விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்துக்கொண்டு, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தான். டோக்கன் கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் அவள் அதை மறந்துவிட்டாள்.

டாக்டர் அஜிதாவுக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு. என்ன நடக்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். கேள்வி முடியும் முன்பே ராபின்சன் தொடங்கிவிட்டான். பத்து நிமிஷம் வலிப்பு நிற்காது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும். நாக்கைக் கடித்துக்கொள்வார். பிறகு இரண்டு மணி நேரம் நினைவே இருக்காது.

பிரிஜித் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் பாறசாலையில் இதே கதையைச் சொன்னபோது அது ஐந்து நிமிஷமாக இருந்தது. நுரை இருந்தது, நாக்குக் கடி இல்லை. ஒவ்வொரு தடவையும் மருந்து கூடியது போலவே கதையும் கூடியிருந்தது.

டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. பழைய சீட்டுகளைப் புரட்டினார். இவ்வளவு பலமான வலிப்புக்கு இந்த ஒரு மருந்து போதாது, கூட இன்னொன்றும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார்.

இன்னொன்று. பிரிஜித் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து ஸ்டூலில் நார்பர்ட்டின் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் எச்சில். இன்னொரு மருந்தும் சேர்ந்தால், மிச்சமிருக்கிற கொஞ்சமும் போய்விடும். டாக்டரை மாற்றியாயிற்று. கதையை யார் மாற்றுவது?

அண்ணன் சொன்னதை வெளியாள் முன்னால் தப்பு என்று சொல்வது சின்ன விஷயமா? அப்பன் கடலில் போன பிறகு அவளை வளர்த்தவன் அவன். கையைப் பிடித்துக் கோயில் நடுவே நடத்திக்கொண்டுபோய் நார்பர்ட்டிடம் கொடுத்தவன். அதோடு அவளுடைய மலையாளமும் மீன் சந்தை மலையாளம்.

"டாக்டரே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நுரையொண்ணும் வராது டாக்டரே."

பேனா நின்றது. ராபின்சன் திரும்பினான்.

"நீ சும்ம இரி மக்கா. நான் சொல்லுதேன்லா."

"அண்ணன் கண்டதில்ல டாக்டரே. அண்ணன் வாறதுக்குள்ள அவரு எழும்பிச் சாயா குடிச்சிட்டிருப்பாரு."

ஸ்டூலிலிருந்து ஒரு சிரிப்பு. தூங்குகிறான் என்று நினைத்திருந்த நார்பர்ட்தான். ராபின்சனின் முகம் கறுத்தது. எழுந்து, நாற்காலியைச் சத்தம் இல்லாமல் பின்னால் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு தமிழில் பேசினார்.

"நீங்க தமிழ்லயே சொல்லுங்க அக்கா. எனக்க வீடும் எல்லைப் பக்கம், குன்னத்துகாலாக்கும். விழுறதுக்கு முன்னால இருந்து, கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க."

பிரிஜித்துக்கு மடை திறந்தது. முதலில் முகம் வெளுக்கும், சில சமயம் கண்ணு இருட்டுது என்பார், சில சமயம் அதற்குக்கூட நேரம் இருக்காது, கயிறு அறுத்துவிட்ட படகுப் பாய் மாதிரிச் சரிந்துவிடுவார் என்றாள். இழுப்பு இல்லை. மிஞ்சிப்போனால் விரல் ரெண்டு தடவை துடிக்கும். பிறகு முகம் குப்பென்று சிவக்கும், கண் திறக்கும்.

எவ்வளவு நேரம் இருக்கும் என்று டாக்டர் கேட்டார். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறவர் யார்? பிரிஜித் யோசித்தாள்.

"வாசல்ல ஒரு சாவி கெடக்கும் டாக்டரே. கையில இரும்பு குடுக்கணும்னு மவ எடுக்க ஓடுவா. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சாவி அவருக்க கையில ஏறினதில்ல. அதுக்குள்ள எழும்பிருவாரு."

"விழுற எடத்துலேருந்து வாசல் எவ்வளவு தூரம்?"

"எங்க வீடு என்ன ராசா கொட்டாரமா டாக்டரே? நாலு எட்டு வச்சா வாசலு."

டாக்டர் அஜிதா சிரித்துவிட்டார். உடனே சிரிப்பு நின்றது. எழுந்த பிறகு தலை குழம்பிக் கிடப்பாரா, தூங்குவாரா என்று கேட்டார். தூங்குவதாவது, எழுந்த நிமிஷமே என்னைத் திட்டத் தொடங்குவார் என்றாள் பிரிஜித். டாக்டர் நார்பர்ட்டின் மணிக்கட்டைப் பிடித்து வெகு நேரம் நாடி பார்த்தார். ஈசிஜி எடுத்துவரச் சொன்னார். வந்த தாளை இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு சொன்னார். இது மூளையில் வருகிற வலிப்பாக இல்லாமலும் இருக்கலாம். நெஞ்சு நடுவில் துடிக்க மறந்துபோகிறதோ என்று சந்தேகம். துடிப்பு நின்றால் தலைக்கு ரத்தம் போகாது, ஆள் விழுவான். திரும்பத் துடித்தால் எழுந்துவிடுவான். உறுதியாகத் தெரியும் வரை இங்கேயே படுக்க வேண்டும், வீட்டுக்கு விட மாட்டேன். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, பைய நான் குறைக்கிறேன். அப்புறம், வீட்டுக்குப் போன பிறகு விழுந்தால் சாவிக்கு ஓட வேண்டாம், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.

பிரிஜித் வெளியே வந்து அண்ணனைத் தேடினாள். பெஞ்சு காலியாக இருந்தது. பஸ் ஏறிப் போய்விட்டான்.

நார்பர்ட்டின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, தலைமாட்டில் டிவி மாதிரி ஒன்றை வைத்தார்கள். அதில் பச்சைக் கோடு அலையலையாக ஓடியது. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அலை சீராக வந்துகொண்டே இருந்தது. பிரிஜித்துக்குப் பயம் வந்தது. ஒன்றுமே இல்லை என்று ஆகி, அண்ணன் சொன்னதே சரி என்று ஆகிவிட்டால்?

இரண்டாம் நாள் மதியம், சோற்றில் உப்பே இல்லை என்று நார்பர்ட் நர்ஸிடம் வம்பு பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நடுவே அறுந்தது. முகம் வெளுத்தது. தலை தலையணையில் சாய்ந்தது. அதே நொடியில் பச்சைக் கோடு அலையில்லாத காயல் தண்ணீர் போல நேராகிப்போனது. மெஷின் அலறியது.

ஒன்றரை வருஷமாக அவன் முகத்தில் அவள் மட்டும் பார்த்ததை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். நர்ஸுகள் ஓடி வந்தார்கள். இதய டாக்டர் ஷாஜி பக்கத்து அறையிலிருந்து செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்து நெஞ்சில் கைவைத்த நேரம், கோட்டில் ஒரு மேடு எழும்பியது. இன்னொன்று. பிறகு வரிசையாக.

நார்பர்ட் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தான்.

"உப்பு கேட்டதுக்கா இத்தன பேரு வந்திய?"

அன்று மாலையே ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சு துடிக்க மறந்தால் ஞாபகப்படுத்துகிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைத் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்தார்கள். அதன் பிறகு அவன் விழவில்லை. டாக்டர் அஜிதா மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க, ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். முதலில் குரல் வந்தது. பிறகு பசி. பிறகு மெல்பினோடு எஞ்சின் ஆயிலைப் பற்றிச் சண்டை. எனக்கும் புது எஞ்சின் வச்சாச்சு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நெஞ்சைத் திறந்து காட்டினான். பாறசாலை டாக்டர் ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும் என்றாராம்.

ராபின்சன் மட்டும் வரவில்லை. கோயிலில் பார்த்தால் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் யாரோ ஒருவன், "அண்ணே, எனக்கு ஜலதோஷம், கூட வந்து நுரை தள்ளுதுன்னு சொல்லும்" என்று கேலி செய்ததாகக் கேள்வி. அதன் பிறகு அவன் அந்தப் பக்கமே போவதில்லை. பிரிஜித் அவனுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பை ஷிஜாவிடம் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, வெறுமையாக. ஒரு பழமாவது போடாமல் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்தக் கரையில் கிடையாது. புருஷனை மீட்டு, அண்ணனைத் தொலைத்தேனா என்று அவள் அடுப்படியில் நின்று அழுதாள்.

டாக்டர் ஷாஜி சோதித்துப் பார்த்து, இனிக் கடலுக்குப் போகலாம், கனமான இழுவையை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிடு என்று சொன்ன வாரம், ஒரு விடியலில் படகு இறங்கியது. பிரிஜித்தும் ஷிஜாவும் கரையில் நின்றார்கள். படகு முதல் அலையில் மூக்கைத் தூக்கியது. இரண்டாவது அலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு தாண்டியது. எஞ்சினடியில் நின்றிருந்த நார்பர்ட் திரும்பிக் கையைத் தூக்கினான். ஏதோ கத்தினான். எஞ்சின் சத்தத்தை மீறி அது கரைக்கே கேட்டது. சோற்றுப் பாத்திரத்தில் ஊறுகாய் வைக்கவில்லையாம்.

ஷிஜா சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள். பிரிஜித் படகு புள்ளியாகும் வரை நின்றாள்.

"எழும்பி நிக்கானா?"

ராபின்சன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. மணலில் நடந்து வந்த நடைக்கே சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு சீப்பு ரசகதலி.

"நிக்கிறாரு அண்ணா."

கடலுக்குத் தடுப்பாகப் போட்டிருந்த கருங்கல் ஒன்றில் அவன் உட்கார்ந்தான். பழத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பெரிதாகச் சொன்னால்தான் டாக்டர்மார் காது கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டேன் என்று அவன் கடலிடம் சொல்வது போலச் சொன்னான். தெரியும் என்றாள் பிரிஜித். நீங்கள் கூட வரும் தைரியத்தில்தான் அந்த மாடிப்படியே ஏறினேன் என்றாள்.

மாடிப்படி என்றதும் ராபின்சன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கை தன்னால் சட்டைப் பேனாவுக்குப் போய், அங்கிருந்து நெஞ்சுக் குழிக்கு இறங்கி, அங்கேயே நின்றது. நாலு பேருக்காகச் செய்தி வாசிப்பது போலப் பேசுகிற அந்த வாய் ஒரு தடவை திறந்து மூடியது.

"நாளைக்கு எனக்காக்கும் டாக்டர பாக்கணும், நீயும் வா மக்கா, அந்தப் படியில நான் நின்னு நின்னு ஏறினத கண்டது நீ மட்டுந்தான்."